சாந்தாமணிக்கு வெச்ச படி

ஏனுங் தம்பி, இது உங்க முட்டியில இடிக்குதுங்களா? இருங்க, கொஞ்சம் என்ற பக்கமா சாய்ச்சுப் புடிச்சுக்கறேன். மேல கம்பியில வெக்கலாம்னா கண்டக்டரு ஒத்துக்க மாட்டேங்கறாரு, பிரேக்கு போட்டா யாரு மண்டையிலயாச்சும் விழுந்துரும்னு. அவரு சொல்றதும் நாயந்தான். கோணிப்பையில சுத்தியிருக்கறதப் பாத்துட்டு லக்கேஜு போடோணும்னாரு. "படிக்கெல்லாம் என்னங்க லக்கேஜு"ன்னேன். "என்ன படி"ன்னாரு. "ஏரோப்ளேன் படி"ன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு முன்னாடி போனவருதான், இன்னும் இந்தப் பக்கம் வரலைங்க.

நெசமாத்தான் தம்பி. பெரிய ப்ளேனுக்கு வண்டியில தள்ளிட்டு வர்றாங்களே, அந்த ஏணி இல்லைங்க. இது சின்ன ப்ளேனு. ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்கார்றது. றெக்கை கீழ இருக்கும். மொதல்ல றெக்கை மேல ஏறி, அப்பறம் உள்ள எறங்கி உக்காரோணும். அந்த றெக்கை மேல ஏறறதுக்கு, பின்னாடி ஓரமா உடம்புல இருந்து ஒரு கொழாய் நீட்டிட்டு இருக்கும். அதோட முனையில பாதம் வெக்கற அளவுக்கு ஒரு தகடு. அவ்வளவுதான் படி. பாத்தா ஒன்னுமே இல்ல. அதுக்குத்தான் இத்தன பாடு.

ப்ளேனு யாருதுங்களா? என்றதுதான். நானே செஞ்சதுங்க.

என்ற பேரு ஆறுச்சாமி. கணபதியில மோட்டார் பம்பு கம்பெனி வெச்சிருந்தேன், இப்பப் பையன் பாக்கறான். வேலைய உட்டா மத்தவங்க காசி ராமேஸ்வரம்னு கெளம்புவாங்க, எனக்கு அதுல நாட்டமில்ல. வெளிநாட்டுல இருந்து மரப்பொட்டியில கிட்டு வரும்ங்க. தகடு, கொழாய், ஆணி எல்லாம் தனித்தனியா. படத்தப் பாத்து நாமதான் சேத்துக்கோணும். பொள்ளாச்சிக்குக் கெழக்க என்ற சிநேகிதரு ஒருத்தரு, தென்னந்தோப்புக்காரரு, தோப்பு ஓரத்துல ஓடுபாதை போட்டு வெச்சிருக்காரு. ஷெட்டும் அங்கயேதான். ஆறு வருசமுங்க. ஒத்த ஆளா நின்னு செஞ்சேன்.

ஒத்த ஆளுன்னா, சாந்தாமணி இருப்பா. என்ற ஊட்டுக்காரி. ரிவெட்டு அடிக்கறதுக்கு ரெண்டு பேரு வேணும் பாருங்க. வெளிய ஒருத்தரு மெஷின வெச்சு அடிக்கோணும், உள்ள ஒருத்தரு இரும்புக் கட்டியப் புடிச்சு முட்டுக் குடுக்கோணும். வாலுப் பக்கமெல்லாம் நான் நொழைய முடியாது, வயிறு இடிக்கும். அவதான் டார்ச் லைட்ட வாயில கவ்விட்டு ஊந்துக்கிட்டே உள்ள போவா. படத்தப் படிக்கறதும் அவதான், அந்தப் பொடி எழுத்து எனக்குத் தெரியறதில்ல. கோணலா எறங்குன ரிவெட்டத் தொளச்சு எடுக்கறது அவ. மத்தபடி எல்லாம் நாந்தான்.

ஒயரிங்குங்களா? அது அவளுக்கு நல்லா வரும்ங்க. கம்பெனியில மோட்டாருக்கு வைண்டிங் போட்டுப் பழகுன கை. அதனால அத மட்டும் அவகிட்ட உட்டுட்டேன்.

எதுக்கு இந்தக் கூத்துன்னு பையன் கேப்பான். அவனுக்குச் சொன்னா வெளங்காது, உங்களுக்குச் சொல்றேன். சாந்தாமணிய ஒரு நாளு மேல கூட்டிட்டுப் போகோணும். அவ்வளவுதான். டிக்கெட் எடுத்து ப்ளேன்ல போயிருக்கோம் தம்பி, மக துபாயில இருக்கறா, போயிட்டுத்தான் வந்தோம். அது கணக்குல சேராது. யாரோ ஓட்டறான், நாம உக்காந்து ரொட்டி திங்கறோம், எறங்கி வர்றோம். நான் செஞ்ச ப்ளேன்ல, நான் கூட்டிட்டுப் போகோணும். இத்தன வருசம் எனக்குப் பின்னாடியே வந்தவளுக்கு நான் வேறென்ன பெருசாச் செஞ்சுட்டேன் சொல்லுங்க. நகை வேண்டாம்பா. சேலை எடுத்தா மகளுக்குக் குடுத்துருவா. இத யாருக்கும் தூக்கிக் குடுக்க முடியாதுல்ல.

இனி படிக்கு வர்றேன். கிட்டோட படி வராதுங்க, வேணும்னா தனியாச் சொல்லி வாங்கோணும். நான் அப்பவே வேண்டாம்னுட்டேன். வெளிய ஒன்னு நீட்டிட்டு இருந்தா காத்துத் தடுக்கும், வேகம் கொறையும்னு ஒரு கணக்கு. ப்ளேனு முடிஞ்சு, பெயிண்டு அடிச்சு, நம்பர் எழுதி, மினுமினுன்னு நிக்குது. நான் ஏறோணும்னா கீழ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலப் போட்டு அது மேல ஏறோணும். அது நாலு பக்கமும் ஆடும். சாந்தாமணி பின்னாடி நின்னு முதுகுல ரெண்டு கையையும் வெச்சுத் தள்ளி உடுவா. ஒரு நாளு அப்படித் தள்ளி உட்டுட்டு, மூச்சு வாங்கிட்டே சொன்னா, "ஏனுங்க, இதுக்கு ஒரு படி வெச்சே ஆகோணுங்க."

அப்பத்தான் தம்பி எனக்கு ஒறச்சுது. நம்ம பாட்டுக்கு நாம ஏறிட்டு எறங்கிட்டு இருக்கோம், அவ எப்படி ஏறுவா? சேலை கட்டுன பொம்பள, வயசும் ஆச்சு, றெக்கை தொடை ஒசரத்துல நிக்குது. வாயத் தொறந்து ஒன்னும் கேக்காம இருந்திருக்கா. எனக்கு வெசனமாப் போச்சுங்க. "உனக்குப் படி வெச்சுட்டுத்தான் மறு சோலி"ன்னேன். "எனக்கில்லைங்க"ன்னா. கூச்சம் பாருங்க.

எனக்கு முட்டி வலியானு கேக்கறீங்களா? அதெல்லாம் இல்ல தம்பி. ஏறும்போதும் எறங்கும்போதும் மட்டும் கொஞ்சம் புடிக்கும். நடுவுல ஒன்னும் பண்றதில்ல.

படிய வெளிநாட்டுல இருந்து வரவழைக்கலாம்னு சாந்தாமணி சொன்னா. கோயமுத்தூர்க்காரன் ஒரு கொழாய வளைக்கறதுக்கு அமெரிக்காக்காரன்கிட்டப் போய் நிப்பானுங்களா? நம்ம சிட்கோவுல கொழாய் வளைக்கற பட்டறை இருக்குது, எனக்குப் பழக்கம். இப்பவும் அங்கதான் போயிட்டு இருக்கேன். நல்ல எஃகுக் கொழாய் வாங்கி, அளவெடுக்க ஒக்காந்தோம். அவளைய றெக்கைக்குப் பக்கத்துல நிக்க வெச்சு, காலத் தூக்கச் சொல்லி, எந்த ஒசரத்துல சொகமா இருக்குதோ அங்க ப்ளேனு மேல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டேன். அவ அதப் பாத்துட்டு, "எங்க, நீங்க ஒருக்கா நில்லுங்க"ன்னா. எதுக்குன்னேன். "ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் எவ்வளவு வித்தியாசம் வருதுனு பாக்கலாம்ல"ன்னா. நானும் நின்னு காலத் தூக்கினேன். "ஸ்ஸா"ன்னு வாயில இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, அது வேற விசயம். அவ என்ன பண்ணுனா தெரியுங்களா, நான் போட்ட கோட்ட முந்தானையில அழிச்சுட்டு, நல்லாக் கீழ எறக்கி இன்னொரு கோடு போட்டா. "எனக்கு இதுதானுங்க சொகம்"னா. இத்தன வருசம் குடும்பம் நடத்தியும் பொண்டாட்டி காலு எவ்வளவு ஒசரம் தூக்கும்னு நமக்குத் தெரியல பாருங்க.

எந்தப் பக்கம் வெக்கறதுங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ப்ளேன்ல ஓட்டறவரு எடது பக்கம் உக்காருவாரு, கூட வர்றவங்க வலது பக்கம். கார்ல இருக்கற மாதிரி இல்ல, அப்படியே மாத்தி. அப்ப அவளுக்கு வெக்கற படி வலது பக்கந்தானுங்களே? அவ மட்டும், "நெசமாவே வலது பக்கந்தானுங்களா"ன்னு கேட்டா. "பின்ன?"ன்னேன். "சரி, வலது பக்கமே இருக்கட்டும்"னு உடனே ஒத்துக்கிட்டா. மத்த விசயத்துல அவ்வளவு சீக்கரம் ஒத்துக்கற ஆளில்லைங்க.

பெயிண்டு அடிச்ச உடம்புல ஓட்டை போடோணும் தம்பி. பச்சைக் கொழந்தைக்குக் காது குத்தற மாதிரி இருந்துச்சுங்க. ஓட்டை போட்டு, கொழாய உள்ள உட்டு, தகடு கிழியாம இருக்க உள்பக்கம் ஒரு பட்டை குடுத்து, எல்லாத்தையும் சேத்து ரிவெட்டு அடிக்கோணும். அவ வாலுப் பக்கம் உள்ள படுத்திருக்கா, நான் வெளிய. நடுவுல அந்த மெல்லிசுத் தகடு. உள்ள இருந்து "அடிங்க"ன்னுவா, அடிப்பேன். "இருங்க"ன்னுவா, நிறுத்துவேன். "ம்"னு ஒன்னு வந்தா சரியா எறங்கியிருக்குதுனு அர்த்தம். ஆறு வருசமா எங்களுக்குள்ள இதுதான் பேச்சு. கல்யாணமான புதுசுல கூட இவ்வளவு பேசிக்கிட்டதில்லைங்க.

இது ஒத்தக்கால்மண்டபந்தானுங்களே? அப்ப இன்னும் நேரமிருக்குது.

லைசென்சு யாருகிட்ட இருக்குதுன்னு கேட்டீங்க பாருங்க, நல்ல கேள்வி. நான் மொதல்லயே எழுதிப் போட்டேன். டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும்னாங்க, போனேன். சக்கரை எச்சா இருக்குது, அடுத்த வருசம் வாங்கன்னாரு. அடுத்த வருசம் போனா கண்ணுலயும் ஒரு கொறையச் சொல்லி இன்னும் கொஞ்சம் தள்ளி வெச்சாரு. வேண்டாம்னு சொல்லலைங்க, தள்ளித்தான் வெச்சிருக்காரு. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. பெரிய பஸ்ஸுக்கெல்லாம் மாத்து டிரைவருன்னு ஒருத்தரு இருப்பாருல்ல? அந்த மாதிரி, மேல போயி எனக்கு ஒரு தலசுத்தல் வந்தாக்கூட, ப்ளேன ஓட்டற குச்சியப் புடிக்க ஒரு ஆளு வேணும். "சாந்தாமணி, நீ பைலட் ஸ்கூலுக்குப் போயி சும்மா புடிக்க மட்டும் கத்துக்கிட்டு வா"ன்னு தாட்டி உட்டேன். அவ போனவ எல்லாத்தையும் கத்துக்கிட்டு வந்துட்டா. மேகத்துக்கு எத்தன பேரு இருக்குதோ அத்தனையும் சொல்லுவா. நான் மாசக்கணக்குல மெஸ்ஸுல சாப்பிட்டு நாக்கு செத்துப் போச்சு. மொதல் தடவையிலயே பாசு, லைசென்சும் வந்துருச்சு. நான் அனுப்புனதால வந்தது.

சட்டப்படி பாத்தா இப்ப அவதானுங்க பைலட்டு. ஆனா சட்டம்னு ஒன்னு இருக்குது, முறைன்னு ஒன்னு இருக்குதுல்ல.

அவளுக்கு வண்டி ஓட்டறது புதுசில்லைங்க. ஊட்டுல காரு அவதான் ஓட்டுவா. எனக்கு ஓட்டத் தெரியாம இல்ல. பக்கத்துல உக்காந்து வழி சொல்ல ஒரு ஆளு வேணும்ல? அது எல்லாராலயும் ஆகாது.

படி வெச்சு முடிச்ச அன்னிக்குத்தான் பிரச்சனையே. ஞானராஜ்னு ஒரு ரிட்டயர்டு ஏர்போர்ஸ்காரரு. கமாண்டர் சார்னுதான் கூப்புடுவோம். ப்ளேன மொத மொதல்ல மேல ஏத்தி எறக்கி, எல்லாம் சரியா இருக்குதுனு பாத்துக் குடுத்தவரு அவருதான். அவரு வந்து, "வர்ற வெள்ளிக்கெழமை காத்து நல்லா இருக்கும், மேடமும் நீங்களும் போலாம்"னாரு. எனக்கு ஒரே சந்தோசம். "பாத்தியா சாந்தாமணி, உன்னைய கூட்டிட்டுப் போறேன்"னேன். அப்பறம் திட்டத்தச் சொன்னேன். ரெண்டு சீட்டுக்கு முன்னாடியும் குச்சி இருக்குது. நான் முறைப்படி எடது பக்கம் உக்காந்து மேற்பார்வை பாக்கறேன். நீ உன்ற படியில ஏறி வலது பக்கம் உக்காந்து ஓட்டு. ரெண்டு பேருக்கும் கொறையில்லைல்ல?

கமாண்டர் சாரு என்னமோ சொல்ல வாயத் தொறந்தாரு. சாந்தாமணி அவரு பக்கம் கையக் காட்டிட்டு எங்கிட்டச் சொன்னா, "ஏனுங்க, பொண்டாட்டி புருசனுக்கு எந்தப் பக்கம் உக்காரோணும்? தாலி கட்டுனதுக்கப்பறம் என்னைய எந்தப் பக்கம் மாத்தி உக்கார வெச்சாங்க?"

எடது பக்கந்தான்.

"திருச்செங்கோட்டு மலையில சாமி எப்படி நிக்குது? பாதி சிவன், பாதி அம்மன். அம்மன் எந்தப் பக்கம்?"

அதுவும் எடது பக்கந்தான் தம்பி. புது வண்டி, மொத மொதல்ல ரெண்டு பேரும் சேந்து உக்காரப் போறோம், முறை தப்பி உக்காந்தா நல்லா இருக்குமானு கேட்டா. கமாண்டர் சாருக்கு என்னமோ இருமல் வந்துருச்சு, வெளிய போயிட்டாரு. நானும் சும்மா உடலைங்க. "கார்ல மட்டும் இத்தன வருசமா என்ற வலது பக்கம் உக்கார்றியே, அப்ப முறை எங்க போச்சு"ன்னு மடக்குனேன். "கார்ல ஸ்டியரிங்க அந்தப் பக்கம் வெச்சுட்டாங்களே, நான் என்ன பண்ணட்டும்"னா. அது அவ தப்பில்லைல்ல? கம்பெனிக்காரன் தப்பு.

அப்படித்தான் நான் எடது பக்கத்த உட்டுக் குடுத்தேன். சம்பிரதாயம்னு வந்துட்டா நான் எதிர்த்துப் பேசறதில்லைங்க.

ஆனா பாருங்க, இப்பப் படி தப்பான பக்கத்துல நிக்குது. அவளுக்குனு அளவெடுத்து வெச்ச படி வலது பக்கம், அவ ஏறப் போறது எடது பக்கம். உடனே பட்டறைக்கு ஓடி, அதே அச்சுல அதே மாதிரி இன்னொன்னு வளைச்சு வாங்கிட்டு வந்தேன். கொண்டு வந்து வெச்சுப் பாத்தா மிதிக்கற தகடு கீழ பாக்குது. புரியுதுங்களா? அச்சு ஒன்னுதானே? வலது பக்கத்துக்கு வளைச்ச அதே வளைசல் இதுலயும் வந்துருச்சு. எடது பக்கத்துக்கு அதத் திருப்பி வளைக்கோணும். ரெண்டும் வலது காலு செருப்பாப் போச்சு. அந்த ரெண்டாவது படிதானுங்க இது, உங்க முட்டியில இடிக்கறது. பட்டறைக்காரரு சிரிச்சா நான் வாயக் கட்டிக்கிட்டு நிக்கோணும். மோட்டாருல எத்தனையோ மாடலு போட்டவன் நான், கண்ணாடியில பாக்கற மாதிரி மாத்தி வளைக்கோணும்னு தோணாமப் போச்சு.

"விடுங்க, எனக்கு வேண்டாம்"னுட்டா அவ. வெள்ளிக்கெழமையத் தள்ளிப் போடலாம்னேன். நாளு பாத்ததத் தள்ளக்கூடாதுன்னுட்டா.

விடியக்காலைல போயிட்டோம். ப்ளேனக் கழுவி, மூக்குல சந்தனம் குங்குமம் வெச்சு, மூணு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சேன். படிக்கும் ஒரு பொட்டு. பாதம் வழுக்காம இருக்க உப்புத்தாளு வெட்டி ஒட்டியிருந்தேன் அதுல, பாக்கவே அழகா இருந்துச்சு. சாந்தாமணி போன்ல யாருகிட்டயோ பர்மிசனுக்குப் பேசிட்டு இருந்தா. கூட வர்றவரு பேரு என்னன்னு கேட்டாங்க போல. அவ என்ற பேரச் சொல்ல மாட்டாளே. "எங்க ஊட்டுக்காரரு"ன்னா. மறுபடியும் கேட்டாங்க. "ஹஸ்பெண்டு, பேசஞ்சர்"னா. பேசஞ்சர்னா அவங்க பாசையில மேற்பார்வையாளரு மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.

நான் கடைசிச் சக்கரத்துக்குப் பழத்த வெச்சுட்டு நிமிந்து பாக்கறேன், அவ ஏறி உக்காந்துட்டா தம்பி. எப்ப ஏறுனா, எப்படி ஏறுனான்னே தெரியல. ஸ்டூலுமில்ல, படியுமில்ல. சுடிதாரு போட்டிருந்தா, செருப்பு மட்டும் கீழ கெடக்குது. எடது சீட்டுல, பெல்ட்டப் போட்டு, காதுல மைக்கு மாட்டி, ஒவ்வொரு சுச்சா விரல வெச்சுப் பாத்துட்டு இருக்கறா.

மறைக்காமச் சொல்றேன், ஒரு நிமிசம் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. அந்த சீட்டுல நான் எத்தனையோ சாயங்காலம் உக்காந்திருக்கேன். எஞ்சின் வர்றதுக்கு முன்னாடியே உக்காந்து, குச்சியப் புடிச்சு, வாயாலயே சத்தம் போட்டு ஓட்டியிருக்கேன். அதுல இன்னொரு ஆளு. பொண்டாட்டிதான். இருந்தாலும். நான் கூட்டிட்டுப் போகோணும்னு செஞ்சதுங்க அது. காலு அப்படியே நின்னு போச்சு. கமாண்டர் சாரு பக்கத்துல வந்து, "ஆறுச்சாமி சார், உங்களுக்கு மனசில்லைன்னா இன்னிக்கு நான் கூடப் போயிட்டு வர்றேன்"னாரு. தங்கமான மனுசரு. ஆனா அந்த நேரம் அவரு சொன்னது எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் போகலைன்னா அவளோட மொதச் சுத்து அவரோட போயிரும். அது திரும்ப வராதுல்ல.

சாந்தாமணி உள்ள இருந்தே எட்டிப் பாத்தா. "ஏனுங்க, அந்தப் படி தாங்குமானு யாருமே இன்னும் ஏறிப் பாக்கலைங்களே"ன்னா.

ஆமாங்க. பாக்கல.

"செஞ்சவங்கதான சோதிக்கோணும். நீங்க ஒருக்கா ஏறிப் பாத்துச் சொல்லுங்க. அப்பறம் என்ன பண்றதுனு யோசிக்கலாம்"னா.

அவ சொல்றது சரிதானே தம்பி. ஒரு பொருளச் செஞ்சா சோதிக்காம உடலாமா? கம்பெனியில ஒரு பம்பு கூட ஓட்டிப் பாக்காம வெளிய போனதில்ல. சுத்திட்டு வலது பக்கம் வந்தேன். வலது கால எடுத்து வெச்சேன். என்ன ஒசரங்கறீங்க. முட்டி ஒரு வார்த்தை பேசல. அப்படியே அந்தக் காலுல எந்திரிச்சு எடது கால றெக்கை மேல வெச்சேன், ஒரு ஆட்டமில்ல, யாரும் தள்ளல, யாரும் புடிக்கல. எனக்குனு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருந்துச்சுங்க. அவளுக்கு எடுத்த அளவு எனக்கு இப்படிப் பொருந்துச்சுன்னா வேலை எவ்வளவு சுத்தம்னு பாத்துக்கங்க. "தாங்குது"ன்னேன். "உள்ள வந்து சொல்லுங்க, அங்க இருந்து பேசறது கேக்கல"ன்னா. உள்ள எறங்கி உக்காந்தேன். உக்காந்ததுக்கப்பறம் எறங்கறதுன்னா மறுபடி முட்டி மடக்கோணும். அவ கைய நீட்டி என்ற பெல்ட்ட மாட்டி உட்டா. அப்படியே இருந்துட்டேன்.

ஈச்சனாரி தாண்டிட்டோமா? சரி, சுருக்கமாச் சொல்லிடறேன், அடுத்து சுந்தராபுரம், அப்பறம் என்ற ஸ்டாப்பு.

ஓடுனதே தெரியல. தென்னமரம் எல்லாம் பக்கத்துல ஓடிட்டு இருந்துச்சு, திடீர்னு கீழ இருக்குது. நான் கையக் கட்டிக்கிட்டேன், குச்சியத் தொடல. கத்துக் குடுக்கறவன் கைய வெக்கக்கூடாதுல்ல. அவ ரேடியோவுல பேசறா. நம்பரு, ஒசரம், தெசைன்னு நிறுத்தி நிதானமா. அந்தக் கொரலு நான் கேட்டதேயில்லைங்க. இத்தன வருசமா ஊட்டுல அப்படி ஒரு கொரலு இருந்திருக்குது. ஆனைமலை ஒரு பக்கம் நீலமா நிக்குது. வாய்க்கா வெயில்ல பளபளன்னு போகுது. கரண்டு எடுக்கற காத்தாடி எல்லாம் பொம்மை மாதிரி சுத்துது. "அக்கட்ட திருப்பு, வாய்க்காலோடயே போ"ன்னு வழி சொல்லிட்டே வந்தேன். அவ நான் சொல்றதுக்கு முன்னாடியே அந்தப் பக்கம் திருப்பிட்டு இருந்தா. அவ்வளவு ஒத்துமை.

ஒரு பக்கம் சாஞ்சு திரும்பறப்ப, வெயிலு அவ மூஞ்சி மேல விழுந்துச்சு. சிரிச்சுட்டு இருந்தா. எங்கிட்டச் சிரிக்கல, யாருகிட்டயும் இல்ல, சும்மா தன்னால. கல்யாண போட்டாவுல கூட அவ சிரிக்கலைங்க, போட்டாக்காரரு எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. காத்துன்னு வெச்சுக்கங்க. கண்ணாடி மூடியிருந்துச்சு, காத்து எங்க இருந்து வந்துச்சுனு கேக்காதீங்க. என்ற ஆயுசுல அந்த மாதிரி ஒரு சந்தோசம் எனக்கு இருந்ததில்ல தம்பி. பையன் பொறந்தப்பக் கூட இல்ல.

இன்னிக்கா? இன்னிக்கும் அவ அங்கதான். காலைல ரெண்டு பேரும் கார்லதான் போனோம், கமாண்டர் சாரோட என்னமோ பழகோணும்னு அவ காரோட அங்கயே இருந்துட்டா, அதான் நான் பஸ்ஸுல வர்றேன். எடது பக்கத்துக்கு இத வளைச்சு வாங்கி மாட்டிட்டாத்தான் எனக்கு நிம்மதி. அவ வேண்டாம்பா. எகிறியே ஏறிக்கறேன்னுவா. எகிறறதெல்லாம் எத்தன நாளைக்கு? என்ன இருந்தாலும் அவளுக்கு வெச்ச படியில நான் ஏறறது மனசுக்கு ஒப்பலைங்க.

சிட்கோ வந்துருச்சு. ஹோல்டான், ஹோல்டான், எறங்கோணும். தம்பி, இத ஒருக்காப் புடிங்க, நான் எந்திரிச்சுக்கறேன். ஸ்ஸா. ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல. குடுங்க.

ஒன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன், கண்டக்டர் கத்துனா கத்தட்டும். மேல இருக்கறப்ப நான் மைக்குல சொன்னேன், "பாத்தியா சாந்தாமணி, சொன்ன மாதிரி உன்னைய கூட்டிட்டு வந்துட்டேன்"னு. அவ ரெண்டு கையும் குச்சியில இருந்துச்சு. ஒரு கைய எடுத்து என்ற தொடை மேல வெச்சா. வெச்சுட்டு, "ஆமாங்க, கூட்டிட்டு வந்துட்டீங்க"ன்னா. நானாச் சொல்லல தம்பி, அவ வாயாலயே சொன்னா.